நூலகர் சொல்ல மாட்டார்

நான் அந்த நூலகத்துக்குக் கணினி பொருத்தப் போன முதல் நாளே அவர் என் கையிலிருந்து ஒரு நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கோபமாக அல்ல. கொதிக்கிற பாத்திரத்தைக் குழந்தை தொடப் போனால் எட்டி எடுத்து வைப்பார்களே, அப்படி.

வில்லாபுரத்தில் ஒரு ரேஷன் கடைக்கு மேலே வாடகைக் கட்டடத்தில் இருந்தது அந்தக் கிளை நூலகம். ஒருவர் இறங்கினால் இன்னொருவர் சுவரோடு ஒண்டி நிற்க வேண்டிய படிக்கட்டு. மேலே இரண்டு கூடங்கள். முன் கூடத்தில் பேப்பர் படிக்கிற பெரியவர்கள். பின் கூடத்தில் அரசுத் தேர்வுக்குப் படிக்கிற பையன்களும் பெண்களும். இரண்டுக்கும் நடுவில் அவருடைய மேசை.

நான் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தேன். கிளை நூலகங்களின் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கிற வேலை எங்களுக்குக் கிடைத்திருந்தது. புத்தகப் பட்டியல் நோட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். அதற்குக் கீழே இன்னொரு நோட்டு இருந்தது. யார், எந்த நாள், என்ன புத்தகம் எடுத்துப் போனார்கள் என்று எழுதிய நோட்டு. அதை விரித்தபோதுதான் அவர் கை நீண்டது.

இதையும் ஏற்ற வேண்டும் என்றேன். உறுப்பினர்களின் பெயரையும் முகவரியையும் தானே ஏற்றித் தருவதாகச் சொன்னார். மற்றது வேண்டியதில்லை என்றார். மேலே கேட்பார்களே என்றேன்.

"கேக்கட்டும்ணே. எந்தப் புத்தகம் எத்தனை தடவ வெளிய போச்சுன்னு கேட்டா சொல்லுவேன். யாரு கொண்டு போனாகன்னா, அது அவுகளுக்கும் புத்தகத்துக்கும் உள்ளது."

அவருக்கு அப்போது முப்பத்தாறு வயது இருக்கும். என்னைவிட ஆறேழு வயது இளையவர். என்னை அண்ணே என்பார், நான் மேடம் என்பேன். கடைசி வரை அது மாறவில்லை. செக்கானூரணிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோனார். பெற்றவர்கள் அடுத்தவர் வயலில் வேலை பார்த்தவர்கள் என்பதும், நூலகப் படிப்பில் இவர் தங்கப் பதக்கம் வாங்கியவர் என்பதும் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அடுத்தவர்களைப் பற்றி எப்படிப் பேச மாட்டாரோ அப்படியே தன்னைப் பற்றியும் பேச மாட்டார்.

மூன்று மாதம் அந்த மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை பார்த்தேன். ஒருவர் புத்தகம் எடுக்க வந்தால், அடுத்தவர் பீரோவுக்கு அந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். "செத்த அங்கிட்டு நில்லுங்க" என்பார். புத்தகத்தை முன்னட்டை கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்துத்தான் தேதி முத்திரை குத்துவார். கொடுக்கும்போது நல்ல புத்தகம் என்றோ, இதையா எடுக்கிறீர்கள் என்றோ ஒரு வார்த்தை வராது. புருவம்கூட அசையாது. மற்ற நூலகங்களில் சிரித்துப் பேசுகிறவர்களைப் பார்த்துப் பழகிய எனக்கு முதலில் இது உம்மணாமூஞ்சித்தனமாகத்தான் பட்டது. பிறகுதான் கவனித்தேன். வேறு எங்கும் எடுக்கக் கூச்சப்படுகிற புத்தகங்களை இங்கே ஆட்கள் நேராக எடுத்து வந்து மேசையில் வைத்தார்கள்.

தெருவில் இரண்டு வீட்டுக்காரர்களுக்குப் பொதுச் சுவர் யாருடையது என்று தகராறு. பேச்சுவார்த்தை கிடையாது. அதில் ஒருவர் சொத்துச் சட்டம் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். மறுநாள் மற்றவர் வந்து அதையே தேடி எடுத்துக்கொண்டு போனார். பதினைந்து நாள் கழித்து மறுபடி முதல் ஆள். எதிராளி சட்டம் எதுவும் பார்க்கிறானா என்று அவர் சாடைமாடையாக விசாரித்தார். இவர் காது கேளாதவர் மாதிரி முத்திரையை மையில் ஒற்றினார். ஒரே புத்தகம் இரண்டு வீட்டிலும் மாறி மாறிப் படுத்து எழுந்துகொண்டிருந்தது. அது அந்த இருவருக்கும் தெரியாது.

கம்ப்யூட்டரில் வேலை முடிகிற நேரத்தில் அவர் ஒரு கேள்வி கேட்டார். புத்தகம் திரும்பி வந்த பிறகும் இதை எடுத்தவர் இன்னார் என்று இந்தப் பெட்டி ஞாபகம் வைத்திருக்குமா? வைத்திருக்கும் என்றேன், பெருமையாகவே. 'வாசகர் வரலாறு' என்று ஒரு பக்கம் உண்டு. பெயரைத் தட்டினால் அவர் சேர்ந்த நாளிலிருந்து படித்த அத்தனையும் வரிசையாக வரும் என்று காட்டினேன். அவர் முகம் வெளிறிப்போனது. அதை நிறுத்த முடியுமா என்றார். தேடிப் பார்த்தால் உள்ளே எங்கோ ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதிலிருக்கும் டிக்கை எடுத்துவிட்டால், புத்தகம் திரும்பி வந்ததும் பெயர் அழிந்துவிடும். எத்தனையோ நூலகங்களில் அந்த மென்பொருளைப் போட்டிருக்கிறேன். அந்தக் கட்டத்தைத் தேடச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

அனுமதி கேட்டு மேலிடத்துக்கு எழுதினார். பதில் வரவில்லை. நேரில் போய்க் கேட்டார். கணக்கு வந்தால் போதும், உங்கள் விருப்பப்படி செய்யுங்கள் என்றுவிட்டார்கள். வந்து, என்னை உட்கார வைத்து, அந்த டிக்கை எடுக்க வைத்தார். அதன் பிறகு தினமும் காலையில் கதவைத் திறக்கும் முன்னால் அந்தப் பக்கத்தைத் திறந்து அது வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்.

இவ்வளவு பிடிவாதத்துக்குப் பின்னால் ஏதோ நடந்திருக்க வேண்டும் என்று நான் நினைத்தேன். சின்ன வயதில் இவர் படித்ததை யாரோ வீட்டில் போட்டுக் கொடுத்து, அடி விழுந்து, படிப்பு நின்று… இப்படியெல்லாம் மனத்துக்குள் கதை கட்டி வைத்திருந்தேன். ஒரு நாள் கேட்டும்விட்டேன்.

அவர் சிரித்தார். நான் பார்த்த சிலவற்றில் ஒன்று அந்தச் சிரிப்பு. "ஏதாச்சும் நடந்தாத்தான் இப்படி இருக்கணுமாண்ணே? டாக்டரம்மாகிட்டப் போயி, நீங்க ஏன் நோயாளி விசயத்த வெளிய சொல்றதில்ல, ஒங்களுக்கு என்ன ஆச்சுன்னு கேப்பீகளா? இது என் வேலை. அம்புட்டுதான்."

நான் கட்டி வைத்த கதை அங்கேயே பொடிந்துபோனது.

மென்பொருளைப் பராமரிக்க அடிக்கடி அங்கே போய்வந்ததில், அந்த வேலைக்கு அவர் கொடுத்த விலையையும் பார்த்திருக்கிறேன். ஒரு பயிற்சி மையக்காரர் வந்தார். பின் கூடத்தில் படிக்கிறவர்களின் பெயர், போன் நம்பர், யார் எந்தத் தேர்வுக்குப் படிக்கிறார்கள் என்ற விவரம் வேண்டும் என்றார். பதிலுக்கு ஒரு இன்வெர்ட்டரும் நான்கு மின்விசிறியும் போட்டுத் தருவாராம். சித்திரை மாதம். கரண்டு போனால் அந்தத் தகரக் கூரைக் கூடம் இட்லிக் கொப்பரை மாதிரி ஆகிவிடும். நோட்டில் வேர்வை சொட்டி எழுத்து கலைவதை நானே பார்த்திருக்கிறேன். இவர் முடியாது என்றார்.

பையன்களுக்குக் கோபம். வெறும் நம்பர்தானே, கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று மேசையைச் சுற்றி நின்றார்கள். அவரவர் நம்பரை அவரவர் கொடுப்பதாக இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம், தான் எடுத்துக் கொடுக்க முடியாது என்று சொன்னார். படிக்கட்டுக்குக் கீழே நின்று கேட்டுக்கொள்ளச் சொல்லி மையக்காரரையும் அனுப்பினார். அவர் ஒரு நாள் நின்றார். சிலர் கொடுத்தார்கள், சிலர் கொடுக்கவில்லை. மொத்தமாகப் பட்டியல் கிடைக்காது என்று தெரிந்ததும் இன்வெர்ட்டரும் வரவில்லை.

பையன்கள் இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. அவர் ஒன்றும் விளக்கவில்லை. முதல் பஸ்ஸைப் பிடித்துக் காலை ஆறரைக்கே வந்து நூலகத்தைத் திறக்க ஆரம்பித்தார். வெயில் ஏறும் முன்னால் மூன்று மணி நேரம் படித்துக்கொள்ளட்டும் என்று. கோடை முடிகிற வரை அப்படி வந்தார். அதற்குக் கூடுதல் சம்பளமும் கிடையாது, கூடுதல் விடுப்பும் கிடையாது. வெள்ளிக்கிழமை விடுமுறையில் மட்டும் அந்த முதல் பஸ் அவரில்லாமல் போகும்.

ஆனால் ஒரு தடவை எனக்கு அவர்மேல் வருத்தம் வந்தது. ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் தினமும் மத்தியானம் வந்து படிப்பார். திடீரென்று இறந்துபோனார். முப்பதாம் நாள் காரியம் முடிந்து அவர் மனைவி வந்தார். தலையணைக்கு அடியில் கிடந்தது என்று ஒரு புத்தகத்தைக் கொண்டு வந்திருந்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். அவுக வேறு என்னவெல்லாம் படிச்சாக தாயி என்று கேட்டார். வீட்டில் வாய் திறந்து பேசாத மனுசன், எதை யோசித்துக்கொண்டு இருந்தார் என்று இப்போதாவது தெரிந்தால் போதும் என்றார்.

கம்ப்யூட்டரில் அதெல்லாம் இல்லை அக்கா, திரும்பி வந்ததும் அழிந்துவிடும் என்று மெதுவாகச் சொன்னார் இவர். அந்த அம்மாள் தலையை ஆட்டிக்கொண்டார். இவர் அவரை உட்கார வைத்து, அந்த அம்மாள் பெயரிலேயே ஒரு உறுப்பினர் அட்டை போட்டு, அந்தத் தலையணைப் புத்தகத்தை அவர் கணக்கிலேயே மறுபடி எழுதிக் கையில் கொடுத்தார். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். மெதுவாப் படிங்கக்கா, தேதி முடிஞ்சா வாங்க, திரும்ப எழுதித் தாரேன் என்றார்.

அந்த அம்மாள் போனதும் கேட்டேன்: "உங்களுக்கு ஞாபகம் இருக்குல்ல மேடம்?"

"இருக்கு."

"சொல்லியிருக்கலாம்."

"அவுக உசுரோட இருக்கையில வீட்டுல சொல்லல. செத்ததுக்கப்புறம் நான் சொல்றதுக்கு யாருண்ணே?"

அது சரியா தப்பா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த ஒரு புத்தகத்தை அந்த அம்மாள் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தார் என்பது தெரியும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை வந்து முத்திரை குத்திக்கொண்டு போவார்.

அதற்கப்புறம் ஒரு கூட்டம். நகருக்குள் ஒரு கூடத்தில் நூலகர்களை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார் ஒரு அதிகாரி. நூலகத்துக்கென்று வரப்போகிற ஒரு போன் செயலியைக் காட்டுவதற்காக நானும் போயிருந்தேன். உங்கள் தெருவில் இதைப் படிக்கிறார்கள் என்று அது சொல்லும். பிள்ளைகள் புத்தகம் எடுத்தால் பெற்றோருக்குச் செய்தி அனுப்பும். காட்டி முடித்ததும் அதிகாரி கேட்டார்: எல்லாம் போனில் இருக்கிறது, இப்போது கேள்வி கேட்டால் போனே உட்கார்ந்து பதில் எழுதித் தருகிறது. பத்து வருடம் கழித்து நூலகத்துக்கு எதற்காக ஆள் வருவான்? ஒருவர் ஏசி போட வேண்டும் என்றார். ஒருவர் வைஃபை என்றார். குழந்தைகளுக்கு விளையாட்டு மூலை, பெரிய டிவி. எல்லாம் நியாயமான பதில்கள்தான். இவர் கடைசியாக எழுந்தார்.

"போன்ல எல்லாம் கெடைக்குது சார், உண்மைதான். ஆனா ஒருத்தர் போன்ல என்னத்தத் தேடுனாலும் அவர் தேடுனது போனுக்குத் தெரிஞ்சுபோகுது. மறுநாளே அது சம்பந்தமா விளம்பரம் வருது. வீட்டுல வேற ஆள் போனை எடுத்தா அவுகளுக்கும் தெரிஞ்சுபோகுது. எங்ககிட்ட வந்து கேட்டா யாருக்கும் தெரியாது. தனக்குத் தெரியாத ஒண்ணை, யாருக்கும் தெரியாமப் போயித் தெரிஞ்சுக்கிறதுக்கு ஊருக்குள்ள ஒரு இடமாவது வேணும் சார். பத்து வருசம் என்ன, நூறு வருசம் கழிச்சும் அதுக்கு ஆள் வருவாக."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதிகாரி என் பக்கம் திரும்பி, பெற்றோருக்குச் செய்தி போவதை நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்றைக்கு வீட்டில் இந்தக் கதையைத்தான் சாப்பிடும்போது சொன்னேன். என் மகளும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்படிப் பெருமை பேசிய நானே அடுத்த வருடம் அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவளுக்கு மதிப்பெண் சரிந்தது. சாப்பாடு குறைந்தது. அறைக்குள் போனால் தாழ்ப்பாள். என்ன கேட்டாலும் ஒன்றுமில்லை என்றாள். ட்யூஷன் முடிந்து நேராக வீட்டுக்கு வருவதில்லை, எங்கள் வீடு இருக்கிற பழங்காநத்தத்திலிருந்து வில்லாபுரம் நூலகத்துக்குப் போய் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வருகிறாள் என்று தெரிந்தது. அங்கே அவளுக்கு அட்டை போட்டுக் கொடுத்ததே நான்தான். என் மனத்தில் ஓடியதெல்லாம் ஒரே கேள்வி: எவன்?

போய்க் கேட்டேன். யாரோடு உட்காருகிறாள், என்ன படிக்கிறாள். அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். பாப்பா வருது, உட்கார்ந்து படிக்குது, போகுது, அதுக்கு மேல என்னைக் கேட்காதீர்கள் என்றார்.

"நான் அவளப் பெத்தவன் மேடம்."

"அதான்ணே. பாப்பாவையே கேளுங்க."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. சொல்லக் கூடாத ஒன்றைச் சொன்னேன். உங்களுக்குப் பிள்ளை இருந்தால் தெரியும் என்றேன். அவருக்குப் பிள்ளை இல்லை என்பது எனக்குத் தெரியும். அவர் மைப்பெட்டியின் மூடியை எடுத்துச் சரியாகப் பொருத்தினார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

நான் அலுவலகத்துக்குப் போய் என் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அந்த நூலகத்தின் மென்பொருளுக்குள் எங்கள் கம்பெனிக்கு வழி உண்டு, கடவுச்சொல் என்னிடம் இருந்தது. மகள் பெயரைத் தட்டினேன். ஒன்றுமில்லை. எடுக்கிற புத்தகத்தை அங்கேயே உட்கார்ந்து படித்து, போகும்போது திருப்பிவிடுவாள் போல. அந்தச் சின்னக் கட்டத்தைத் தேடி, எந்த டிக்கை எடுத்தேனோ அதை மறுபடி போட்டேன். சாயங்காலம் நான்கு மணி இருக்கும். கை நடுங்கவில்லை. அதைத்தான் இப்போது நினைத்தால் கூசுகிறது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் போன் செய்தார்.

"அண்ணே, அந்த டிக்கு விழுந்திருக்கு. கரண்டு போயிட்டு வந்ததுல விழுந்துருச்சோ என்னமோ. செத்த வந்து எடுத்து விட்ருங்க. நீங்க வார வரைக்கும் நோட்டுல எழுதிக்கிறேன்."

கரண்டு போய் வந்தால் டிக் விழாது. அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

போனேன். கம்ப்யூட்டர் திரையில் பாதியை மறைத்துக் காக்கித் தாள் ஒட்டியிருந்தார். நாலு பக்கமும் செல்லோடேப். முந்தின சாயங்காலம் திரும்பி வந்த புத்தகங்கள் எல்லாம் வாசகர் வரலாற்றில் ஏறியிருந்தன. இடது பக்கம் பெயர்கள் மட்டும் தெரிந்தன. வலது பக்கம், புத்தகத்தின் பெயர் இருக்கிற இடத்தில், தாள். அழிக்கிற அதிகாரம் அவருடைய கடவுச்சொல்லுக்கு இல்லை. அதனால், தன்னால் முடிந்ததைச் செய்து வைத்திருந்தார். தானும் அதைப் படித்திருக்க மாட்டார் என்று தோன்றியது.

மூன்றாவது வரியில் என் மகள் பெயர் இருந்தது.

அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முன் கூடத்தில் ஒரு பெரியவர் பேப்பரில் நடுப்பக்கம் காணவில்லை என்று கூப்பிட்டார். எழுந்து போனார். நான் மட்டும் இருந்தேன். தாளின் ஓரம் ஒரு மூலையில் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தால் தொட்டால் வந்துவிடும். அவர் அங்கே மேசைக்கு அடியில் குனிந்து பேப்பரைத் தேடிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

நான் தூக்கவில்லை. ஏன் என்று இன்றும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அத்தனை வரியையும் மொத்தமாகத் தேர்ந்து அழித்தேன். டிக்கை எடுத்தேன். அவர் வந்ததும், இனி இந்த நூலகத்துக்கு முழு அதிகாரமும் உள்ள கடவுச்சொல்லை நீங்களே போட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் தட்டுகிற சத்தம் கேட்டது. மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன்.

"டீ சொல்லவாண்ணே?" என்றார்.

கீழேயிருந்து டீ வந்தது. குடித்துவிட்டு வந்தேன். அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. என்மேல் புகார் எதுவும் போகவில்லை.

மூன்று வாரம் கழித்து மகள் என்னிடம் வந்து நின்றாள். கையில் மடித்த ஒரு சின்னத் தாள். என்னை ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவீர்களா அப்பா என்று கேட்டாள். பிறகு உட்கார்ந்து சொன்னாள். ஆறு மாதமாகத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடிக்கிறதாம். கை சில்லிட்டு, மூச்சு முட்டி, இந்த நிமிடம் செத்துவிடுவோம் என்று இருக்குமாம். பரீட்சை நினைப்பு வந்தால் போதுமாம். இதய நோய் என்று நினைத்திருக்கிறாள். பைத்தியம் பிடிக்கிறதோ என்றும் நினைத்திருக்கிறாள். வீட்டில் ஒரே போனை நாலு பேர் எடுப்போம். அதில் தேட பயம். நூலகத்துக்குப் போய் மனநலப் புத்தகங்களைத் தேடிப் படித்திருக்கிறாள். இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, இது நிறையப் பேருக்கு வருகிறது, சரியாகிவிடும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் எந்தெந்தக் கிழமை, எந்த அறையில் பார்ப்பார், எங்கே சீட்டு வாங்க வேண்டும் என்று அச்சடித்திருந்தது. கீழே ஒரு வரி: 'வீட்டில் ஒருவரிடமாவது சொல்லப் பாருங்கள்.' அந்த மனநல அலமாரியில் இருக்கிற ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் இப்படி ஒரு கட்டுத் தாள் செருகியிருக்குமாம், வேண்டியவர்கள் ஒன்றை எடுத்துக்கொள்ளலாமாம்.

மேடம் உன்னிடம் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலப்பா. எந்த அலமாரின்னு காட்டுனாக. ஃபேனைப் போட்டு விட்டுட்டுப் போயிட்டாக."

மகளைக் கூட்டிக்கொண்டு போனோம். சரியாவதற்கு நாள் பிடித்தது. சரியானது. பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, கல்லூரியில் சேர்ந்தாள்.

ஆனால் எனக்குள் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் நூலகத்துக்குப் போய்க் கேட்டேன். எல்லாம் தெரிந்தும் சொல்லாமல் இருந்தீர்களே, நடுவில் ஏதாவது ஆகியிருந்தால்?

அவர் கையிலிருந்த முத்திரையைக் கீழே வைத்தார்.

"எனக்கு மட்டும் பயம் இல்லாமலாண்ணே. தெனமும் அஞ்சு மணி ஆனா வாசப்படியவே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். பாப்பா தலை தெரிஞ்சாத்தான் மூச்சு வரும். ஒரு நாள் வராம இருந்திருந்தா ஒங்க வீட்டு வாசல்ல வந்து நின்னுருப்பேன். அட்ரஸ் எழுதி பையில வெச்சிருந்தேன்."

பிறகு சொன்னார்: "அன்னைக்கு நீங்க கேட்டப்பச் சொல்லியிருந்தா, மறுநாள்லேருந்து பாப்பா இங்க வந்திருக்காது. அந்தத் தாளையும் எடுத்திருக்காது."

நான் அந்த மேசையையும் மைப்பெட்டியையும் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனை பேருக்காக இப்படி வாசற்படியைப் பார்த்திருப்பார் என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதை அவரிடம் கேட்டாலும் சொல்ல மாட்டார்.

மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது அவருக்கு மாறுதல் வந்தது, அழகர்கோவில் போகிற வழியில் ஒரு கிராம நூலகத்துக்கு. கடைசி நாள் சாயங்காலம் தன்னை அங்கே கூட்டிப் போகச் சொன்னாள் மகள். வண்டியை ரேஷன் கடை ஓரம் நிறுத்திவிட்டு நான் கீழேயே நின்றுகொண்டேன். அவள் மட்டும் மேலே ஏறினாள்.

படிக்கட்டில் ஒவ்வொருவராகத்தான் இறங்க முடியும். முதலில், இன்வெர்ட்டருக்குச் சண்டை போட்டவர்களில் ஒருவன் இறங்கினான்; வேலை கிடைத்து வெளியூரில் இருந்தவன், இதற்காக வந்திருந்தான். ஆட்டோக்காரரின் மனைவி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இறங்கினார். பொதுச் சுவர்க்காரர் ஒருவர். எனக்கு யாரென்றே தெரியாத பெண்கள் சிலர். ஒரு தெருவே எதை எண்ணிப் பயந்தது, எதற்கு ஆசைப்பட்டது, எதைத் தெரிந்துகொள்ளத் துடித்தது என்பதெல்லாம் மேலே அந்த ஒரு மனுஷியிடம் இருந்தது. எந்தக் கம்ப்யூட்டரிலும் அது இல்லை. நாளைக் காலை அதை எல்லாம் சுமந்துகொண்டு அவர் பஸ் ஏறிப் போய்விடுவார், கையில் சாப்பாட்டுப் பையோடு, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாமல். நான் தலையைத் தூக்கி அந்த மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரை மணி நேரம் கழித்து மகள் இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது. பேசாமல் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வண்டியை எடுத்தேன். அரை மணி நேரம் அப்படி என்ன பேசினீர்கள் என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. ஜெய்ஹிந்த்புரம் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனோம். அவள் நெற்றியை என் முதுகில் சாய்த்துக்கொண்டாள். பழங்காநத்தம் வந்துவிட்டது.

"என்னப்பா, ஒண்ணுமே கேக்கல?" என்றாள்.

"பசிக்குதான்னு கேக்கலாம்னு இருந்தேன்" என்றேன்.

அவள் சிரித்தது முதுகில் தெரிந்தது. வீட்டுக்குத் திரும்புகிற தெருவை விட்டு, புரோட்டாக் கடை இருக்கிற பக்கமாக வண்டியைத் திருப்பினேன்.